சாலையைத் தொடும் நான்கு உள்ளங்கைகள்

கணினித் திரையில் ஓடும் கார் பந்தய விளையாட்டுகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே தெரிந்தாலும், அவற்றுக்குள் நடக்கும் கணக்கு இரு வேறு மரபுகளைச் சேர்ந்தது. உண்மையான பந்தயக் கார் எவ்வாறு நடந்துகொள்ளுமோ அதைக் கணிதத்தின் வழியே இயன்றவரை அப்படியே உருவாக்கிக் காட்ட முயலும் மென்பொருள் ‘பந்தய சிமுலேட்டர்’ எனப்படுகிறது. காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் வரிசையாக நின்ற பொழுதுபோக்குக் கூடங்களில் பிறந்து, வேகத்தின் கிளர்ச்சியை உடனடியாகத் தருவதையே நோக்கமாகக் கொண்ட விளையாட்டு, அக்கூடங்களின் பெயரையே ஏற்று ‘ஆர்கேட்’ வகை எனப்படுகிறது. சிமுலேட்டர் கடினமானது, ஆர்கேட் எளிதானது என்று இவ்விரண்டையும் பிரிப்பது வழக்கமாக இருக்கிறது. அவ்வாறு பிரிப்பது பிழை. கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதே இவற்றைப் பிரிக்கும் உண்மையான கோடு: முதலாவது, விசைகளைக் கணக்கிட்டு, அவற்றின் விளைவாகக் கார் எங்கே போகிறதோ அங்கே அதைப் போகவிடுகிறது, இரண்டாவது, கார் எங்கே போகவேண்டும் என்று ஆடுபவர் விரும்புகிறாரோ அதை முதலில் முடிவுசெய்துகொண்டு, அதற்கேற்ற இயக்கத்தைப் பின்னர் அமைக்கிறது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள டயரிலிருந்து தொடங்குவதே முறை. ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில்தான். அவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே உள்ள ரப்பர் பரப்பு. காரை முடுக்குவதும் நிறுத்துவதும் திருப்புவதும் ஆகிய அனைத்தும் இந்த நான்கு தொடுபரப்புகளின் வழியாகவே நிகழ்கின்றன. புவியீர்ப்பையும் வேகத்தில் எழும் காற்றின் அழுத்தத்தையும் தவிர வேறு எந்தப் பெரிய விசையும் வெளியிலிருந்து காருக்குக் கிடைப்பதில்லை. அந்தக் காற்றழுத்தமும் காரைக் கீழ்நோக்கி அமுக்கி இதே தொடுபரப்புகளின் பிடியைத்தான் கூட்டுகிறது. ஆகவே டயரின் கணக்கு சரியாக அமையாத சிமுலேட்டரில் எஞ்சினும் கியரும் எவ்வளவு நுட்பமாக வடிக்கப்பட்டிருந்தாலும் அவற்றால் பயன் இல்லை.

திரும்பும் காரின் முன்சக்கரம் எந்தத் திசையை நோக்கி நிற்கிறதோ அந்தத் திசையிலேயே அது உருள்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரப்பர் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே எப்போதும் சிறிய கோணம் ஒன்று இருக்கிறது. இதை வழுக்கல் கோணம் என்பர். தொடுபரப்பின் முன்விளிம்பில் சாலையைப் பற்றும் ஒவ்வொரு ரப்பர் துணுக்கும், சக்கரம் உருள உருளப் பின்னோக்கிச் செல்கையில் சாலையால் பக்கவாட்டில் இழுபட்டு வளைந்து, அந்த வளைவின் எதிர்ப்பாகக் காரைத் திருப்பும் விசையைத் தருகிறது. பின்விளிம்பை நெருங்கும்போது இழுப்பு உராய்வின் எல்லையைக் கடந்துவிடுவதால் பிடி விட்டுச் சறுக்குகிறது. கோணம் கூடக்கூட இந்தச் சறுக்கும் பகுதி பின்னாலிருந்து முன்னோக்கிப் பரவுகிறது. இதனால் பக்கவாட்டு விசை முதலில் கோணத்துக்கு நேர்விகிதத்தில் ஏறி, சாதாரணச் சாலை டயர்களில் ஏறத்தாழ 6 முதல் 10 பாகைக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லச் சரிகிறது. சற்றும் வழுக்காத டயர் எந்தப் பக்கவாட்டு விசையையும் தராது என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கலாம். பந்தய ஓட்டுநரின் திறமை என்பது இந்த உச்சத்தைச் சுற்றியே நான்கு டயர்களையும் நெடுநேரம் வைத்திருப்பதுதான்.

ஏறி, உச்சம் தொட்டு, சரியும் இந்த வளைகோட்டைக் கணினியில் எழுத ஒரு சூத்திரம் வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசெய்க்கா என்ற பொறியியலாளர் தம் கூட்டாளிகளுடன் 1980-களின் பிற்பகுதியில் வெளியிட்ட சூத்திரம் இதற்குப் பெரும்புகழ் பெற்றது. சைன் சார்பையும் அதனுள் எதிர்த் தேன்ஜெண்ட் சார்பையும் சில மாறிலிகளையும் பொருத்தி எழுதப்பட்ட இது, சோதனைக்கூடத்தில் அளந்த டயரின் நடத்தையோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போனது. இன்ன பௌதிகக் காரணத்தால் இந்த வடிவம் அமைந்தது என்று சொல்ல இயலாத காரணத்தால் ‘மாய சூத்திரம்’ என்றே அழைக்கப்பட்டது. கார் நிறுவனங்களுக்காகப் பிறந்த அந்தச் சூத்திரம் வீட்டுக் கணினியின் சிமுலேட்டர்கள் பலவற்றுக்கும் அடித்தளமாயிற்று. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. சோதனைக்கூடத்தில் அளக்கப்படுவது பெரும்பாலும் டயர் நன்றாகப் பிடித்திருக்கும் நிலையையும் உச்சத்தின் அக்கம்பக்கத்தையும்தான். கார் முழுதாகச் சறுக்கி, 40 பாகைக் கோணத்தில் பக்கவாட்டாகப் போகும்போது என்ன நிகழும் என்பதைச் சூத்திரம் ஊகித்துத்தான் சொல்கிறது. அதனால்தான் ஐரேசிங் என்ற சிமுலேட்டரை உருவாக்கிய டேவிட் கேமர், அளந்த தரவுக்கு வளைகோடு பொருத்தும் வழியைப் பின்னாளில் விட்டுவிட்டு, ரப்பரின் பண்புகளிலிருந்தே விசையை வருவிக்கும் கடினமான பாதையை எடுத்துக்கொண்டார்.

ஒரு டயரின் கணக்கோடு பணி முடிவதில்லை. நான்கு டயர்களும் எடையைப் பங்கிடும் விதம் நொடிக்கு நொடி மாறுகிறது. 1200 கிலோ எடையும், முன் பின் அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் தொலைவும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இணையான விகிதத்தில் அது பிரேக் பிடித்தால், எடை கொண்டு உயரத்தைப் பெருக்கி அச்சுத் தொலைவால் வகுக்க, 240 கிலோவுக்குச் சமமான சுமை பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. நின்றபோது முன்னும் பின்னும் 600 கிலோவாகச் சமமாக இருந்த பங்கு, பிரேக்கின் கீழ் 840-க்கு 360 என்றாகிவிடுகிறது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தாலும் இதுவே சிறிய அளவில் நிகழ்ந்து, பின்சக்கரங்கள் இலேசாகி, காரின் வால் வெளியே வீசப்படுகிறது. இதோடு, சுமை இரட்டித்தால் டயரின் பிடி இரட்டிப்பதில்லை, சற்றுக் குறைவாகவே கூடுகிறது என்ற ரப்பரின் இயல்பையும் சேர்த்துக்கொண்டால், முன்னே போகும் சுமை பின்னால் இழந்த பிடியை முழுதும் ஈடுகட்டாது என்பது விளங்கும். மேலும், பிரேக்குக்குச் செலவாகும் பிடி திருப்பத்துக்குக் கிடைக்காது. இருக்கும் பிடியை இரு வேலைகளுக்கும் பங்கிட்டே ஆகவேண்டும். வளைவுக்குள் நுழைந்துகொண்டே பிரேக்கைச் சிறிது சிறிதாக விடும் பந்தயக் கலை முழுவதும் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது, அதை எவரும் சொல்லித் தராமலேயே ஆடுபவரின் கால் கற்றுக்கொள்ளும்படி செய்வதுதான் நல்ல சிமுலேட்டரின் பெருமை.

இவையெல்லாம் ஒரு விநாடிக்கு எத்தனை முறை கணக்கிடப்படுகின்றன என்பதும் முக்கியம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் விநாடிக்கு 50 மீட்டர் கடக்கிறது. திரை புதுப்பிக்கப்படும் வழக்கமான வேகமான விநாடிக்கு 60 முறை மட்டும் கணக்கிட்டால், ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் கார் 83 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பாதையோரத்தில் பல் பல்லாக அமைந்த விளிம்புக் கற்களின் மேடுபள்ளங்களில் பலவற்றை அது தொடாமலேயே தாண்டியிருக்கும். ஐரேசிங் விநாடிக்கு 360 முறையும், இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014-ல் வெளியிட்ட அசெட்டோ கோர்சா 333 முறையும் கணக்கிடுகின்றன. அப்போது இடைவெளி ஏறத்தாழ 15 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஜெர்மனியில் உருவான பீம்என்ஜி டிரைவ் என்ற மென்பொருள் காரையே ஒரு கட்டியாகக் கருதாமல், சுருள்வில் போன்ற இணைப்புகளால் பிணைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான புள்ளிகளாகக் கொண்டு, விநாடிக்கு 2000 முறை கணக்கிடுகிறது. அதனால் மோதலில் அச்சு வளைந்த கார் அதற்குப் பிறகு ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எங்கும் தனியே எழுதிவைக்கப்படாத அந்தக் கோளாறு கணக்கிலிருந்து தானாகவே பிறக்கிறது. சிமுலேட்டர் மரபின் உள்ளுயிர் இதுவே.

பாதைகளும் இதே அக்கறையோடு பதிவுசெய்யப்படுகின்றன. லேசர் ஒளியைச் சுழற்றி வீசி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு சாலைப் பரப்பை அளக்கும் கருவிகளால், ஏறத்தாழ 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள ஜெர்மனியின் நூர்பர்கிரிங் வடபாதை போன்ற களங்களின் சிறு புடைப்புகூடக் கணினிக்குள் வந்துவிட்டது.

இவ்வளவையும் கண்டபின் ஆர்கேட் வகையைக் கணக்குத் தெரியாதவரின் கைவேலை என்று எண்ணுவது அநீதி. நாம்கோ நிறுவனத்தின் ‘போல் பொசிஷன்’ 1982-ல் பொழுதுபோக்குக் கூடங்களுக்கு வந்தபோது, அதற்குமுன் ஒருபோதும் கார் ஓட்டியிராத சிறுவனும் ஒரு காசுக்குக் கிடைத்த சில நிமிடங்களுக்குள் வளைவின் இன்பத்தை உணரவேண்டும் என்ற கடுமையான நிபந்தனை அதன் முன் இருந்தது. சேகா நிறுவனத்துக்காக யூ சுசுகி 1986-ல் உருவாக்கிய ‘அவுட் ரன்’ எதிராளியைக்கூடப் பின்தள்ளி, சாலையையும் கடிகாரத்தையும் மட்டுமே ஆட்டக்காரருக்கு எதிரே நிறுத்தியது. 1993-ல் வந்த ‘ரிட்ஜ் ரேசர்’, கார் வாலை வீசிக்கொண்டே வளைவைக் கடக்கும் சறுக்குத் திருப்பத்தை, அதாவது டிரிஃப்ட் என்பதை, ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டுப் பிடித்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கிடைக்கும் எளிய செயலாக்கிக் கொடுத்தது. உண்மையில் ஆண்டுக்கணக்கில் பயிலவேண்டிய ஒன்று அங்கே முதல் ஆட்டத்திலேயே கைக்கு வந்தது.

இது எப்படிச் செய்யப்படுகிறது என்பது சிமுலேட்டரின் கணக்கைப் போலவே சுவையானது. சிமுலேட்டரில் ஸ்டீயரிங் சக்கரத்தின் கோணத்தை மட்டுமே மாற்றுகிறது. காரின் திருப்பம் டயர்களின் விசையிலிருந்து பிறக்கவேண்டும். ஆர்கேட் விளையாட்டில் ஸ்டீயரிங் பெரும்பாலும் கார் சுழலும் வேகத்தையே நேரடியாகத் தீர்மானிக்கிறது. காரின் மூக்கு திரும்பியதும், அது நகரும் திசை அந்த மூக்கை நோக்கி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இழுக்கப்படுகிறது. மூக்கின் திசையையும் நகரும் திசையையும் இவ்வாறு இரண்டு தனி அளவுகளாகப் பிரித்துவைத்துக்கொண்டால், அவற்றுக்கிடையே உள்ள கோணத்தை வேண்டும்போது அகலவிட்டு, வளைவின் முடிவில் பதமாகச் சேர்த்துவைக்கலாம். டிரிஃப்ட் அழகாக முடியும், கார் ஒருபோதும் சுழன்று நிற்காது. ஈர்ப்பு மையத்தைச் சாலைக்குக் கீழே வைத்துவிட்டால் கார் கவிழாது. வானில் பறக்கும்போது புவியீர்ப்பைக் கூட்டினால், மேலே எழுந்த கார் ஆட்டத்தின் தாளம் கெடாமல் விரைவில் தரைக்கு வரும். சுவரில் உரசினால் வேகத்தை முழுதும் பறிக்காமல் சுவரோடு வழுக்கிப் போகவிடலாம். முன்னே போகும் போட்டிக் கார்களைச் சிறிது மெதுவாக்கி, பின்தங்கியவற்றை வேகப்படுத்தி, எல்லாரையும் ஓர் இழுபட்ட ரப்பர் வளையத்துக்குள் வைத்திருக்கும் உத்தியும் உண்டு. மேற்சொன்னவற்றுள் இது ஒன்றுதான் குறைசொல்லத்தக்கது, ஏனெனில் சீராக ஓட்டியவரின் உழைப்பை அது அவரறியாமல் கழித்துவிடுகிறது.

கூடம், வீட்டுக் கணினி என்ற இடப்பிரிவு இவ்விரு வகைகளுக்கும் எல்லையாக ஒருபோதும் இருந்ததில்லை. 1989-ல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘ஹார்ட் டிரைவிங்’ காசு போட்டு ஆடும் இயந்திரமே. ஆனால் அதில் கிளட்ச் மிதியும் கியர் கோலும் கையை எதிர்த்துத் தள்ளும் ஸ்டீயரிங்கும் இருந்தன, காரின் இயக்கக் கணக்குக்கு வாகன இயக்கவியல் வல்லுநரான டக் மில்லிக்கன் உதவியிருந்தார். அதே ஆண்டில் டேவிட் கேமரின் பாப்பிரஸ் குழு ‘இண்டியானாபொலிஸ் 500’ என்ற சிமுலேட்டரை வீட்டுக் கணினிக்குத் தந்தது. மறுபுறம், 1994-ல் பிறந்து அடுத்த ஆண்டு கணினிக்கு வந்த ‘தி நீட் ஃபார் ஸ்பீடு’, ‘ரோடு அண்ட் டிராக்’ என்ற கார் இதழின் துணையோடு மெய்யான கார்களின் நடத்தையைக் காட்டவே முயன்றது. 2003-ல் அதன் ‘அண்டர்கிரவுண்ட்’ பதிப்பு வெளியானபோது அந்தத் தொடர் முழுமையான ஆர்கேட் ஆகியிருந்தது.

சிமுலேட்டரைக் கடினத்தோடு ஒன்றாக்கிப் பார்க்கும் பழக்கத்துக்கு பாப்பிரஸ் உருவாக்கி 1998-ல் வெளியான ‘கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸ்’ ஒரு பெரிய காரணம். அது 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 பருவத்தைக் களமாகக் கொண்டது. காரைத் தரையோடு அமுக்கும் இறக்கைகள் அந்தப் போட்டிக்கு அதற்கடுத்த ஆண்டில்தான் வந்தன. ஆகவே மூன்று லிட்டர் எஞ்சினின் ஆற்றல் முழுவதையும் டயரின் பிடி ஒன்றே தாங்கவேண்டியிருந்தது. விளையாடத் தொடங்கியவர்கள் முதல் வளைவையே கடக்க முடியாமல் சுழன்றனர். வணிகத்தில் அது வெற்றி பெறவில்லை. ஆனால் அந்தக் கார்கள் உண்மையிலேயே அப்படிப்பட்டவை, அவற்றைச் சறுக்கவிட்டுச் சமாளித்தே அக்கால ஓட்டுநர்கள் வென்றனர். இதற்கு நேர்மாறாக, உச்சத்தைத் தாண்டியதும் பிடி செங்குத்தாக விழும்படி டயர் எழுதப்பட்டால் அந்தச் சிமுலேட்டர் மெய்யான காரைவிடக் கடினமாகிவிடும். கடினமாவதால் அது உண்மையாகிவிடாது. நல்ல காரைச் சிறந்த பொறியாளர்கள் ஓட்டுவதற்கு இணக்கமாகவே அமைக்கிறார்கள் என்பதை இந்த வாதத்தில் பலரும் மறந்துவிடுகின்றனர்.

உண்மைக்கும் திரைக்கும் இடையிலுள்ள பெரும் பள்ளம் கணக்கில் இல்லை, உடலில் இருக்கிறது. காரில் அமர்ந்திருப்பவர் வால் சறுக்கத் தொடங்குவதை இடுப்பாலும், முடுக்கத்தை உட்செவியாலும் உணர்கிறார். நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குக் கண்ணும் காதும் கைகளும்தான் உண்டு. கைகளுக்கு உதவுவது விசைப் பின்னூட்டம், அதாவது ஸ்டீயரிங்கின் அச்சில் பொருத்திய மோட்டார் கையை எதிர்த்துத் திருப்பும் ஏற்பாடு. டயரின் பக்கவாட்டு விசை, ரப்பரின் வளைவு பின்பக்கம் மிகுதியாக இருப்பதால், சக்கரத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னே செயல்பட்டு, சக்கரத்தை நேராக்க முயல்கிறது. ஓட்டுநரின் கையில் தெரியும் கனத்தின் ஒரு முக்கியப் பகுதி இதுதான். சறுக்கும் பகுதி பின்னாலிருந்து பரவும்போது விசை செயல்படும் இடம் முன்னே நகர்ந்துவிடுவதால், பிடி இன்னும் உச்சத்தைத் தொடாத நிலையிலேயே ஸ்டீயரிங் இலேசாகத் தொடங்குகிறது. பிடி தீரப்போவதை டயர் முன்கூட்டியே கைக்குச் சொல்லிவிடுகிறது என்பது இதன் பொருள். சிமுலேட்டர் இந்தத் திருப்புவிசையைக் கணக்கிட்டு நேரே மோட்டாருக்கு அனுப்புகிறது. ஆர்கேட் விளையாட்டுகளில் கைக்கு வருவது பெரும்பாலும் முன்கூட்டியே அமைத்த அதிர்வுதான். பற்சக்கரங்களால் இயங்கும் தொடக்கநிலை ஸ்டீயரிங் சுமார் 2 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தருகிறது, மோட்டாரின் அச்சிலேயே நேராகப் பூட்டிய உயர்வகைகள் 8-லிருந்து 20-க்கு மேலும் தருகின்றன. பிரேக் மிதியிலும் இதே வேறுபாடு உண்டு: மெய்யான காரில் கால் எவ்வளவு தூரம் அழுந்தியது என்பதைவிட எவ்வளவு அழுத்தியது என்பதே பிரேக்கைத் தீர்மானிப்பதால், அழுத்தத்தை அளக்கும் மிதி வாய்த்தவருக்கு நிறுத்தும் புள்ளி காலிலேயே பதிந்துவிடுகிறது.

கண்ணுக்கான கணக்கு வேறு. 60 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையை 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, அந்தத் திரை ஏறத்தாழ 53 பாகை அகலமுள்ள சாளரம். காட்டப்படும் காட்சியும் அதே 53 பாகையாக இருந்தால்தான் வளைவுகளின் அளவும் தொலைவும் மெய்யாகத் தெரியும். ஆனால் வேக உணர்வு பெரும்பாலும் ஓரப்பார்வையில் விரைந்தோடும் பொருள்களிலிருந்து கிடைப்பதால், இந்தச் சரியான காட்சி மந்தமாகத் தோன்றுகிறது. ஆர்கேட் விளையாட்டு 90 பாகையும் அதற்கு மேலும் திரைக்குள் அடைத்து, திடீர் வேகம் தரும் ‘நைட்ரோ’ பொத்தானை அழுத்தும்போது அதை இன்னும் விரித்து, ஓரங்களை ஆறுபோல் ஓடவிடுகிறது. வேகமானியில் 200 காட்டும் ஆர்கேட் கார் பறப்பதாகவும், 250 காட்டும் சிமுலேட்டர் கார் ஊர்வதாகவும் தோன்றுவதன் காரணம் இதுதான்.

விசைப்பலகையை மட்டும் வைத்திருப்பவரின் நிலையையும் எண்ணிப்பார்க்கவேண்டும். அதன் விசைக்கு அழுத்தியது, விட்டது என்ற இரண்டே நிலைகள். 3 பாகை திருப்பவேண்டிய இடத்தில் அதனால் முழுத் திருப்பத்தைத்தான் கேட்க முடியும். எனவே எந்தச் சிமுலேட்டரும் விசைப்பலகையை ஏற்கும்போது, ஸ்டீயரிங்கைப் படிப்படியாக ஏற்றி இறக்கியும், வேகத்துக்கேற்பத் திருப்பத்தைக் குறைத்தும் ஆடுபவரின் விருப்பத்தை ஊகித்துக்கொள்கிறது. ஜெஃப் கிராமண்ட் 1990-களின் தொடக்கத்தில் படைத்த ஃபார்முலா 1 சிமுலேட்டரிலேயே இத்தகைய உதவிகள் இருந்தன. சிமுலேட்டரின் வாசலில் ஓர் ஆர்கேட் அடுக்கு உட்கார்ந்திருக்கிறது என்றே இதைச் சொல்லவேண்டும். இதற்கு எதிர்த்திசையில், ஃபோர்சா ஹொரைசன் என்ற விளையாட்டுத் தொடரோ, அதன் உடன்பிறப்பான மோட்டார்ஸ்போர்ட் தொடரின் டயர்க் கணக்கை அடியில் வைத்துக்கொண்டு, மேலே தாராளமான பிடியையும் மலைச்சரிவில் பாயும் துணிவையும் சேர்த்திருக்கிறது.

சிமுலேட்டரில் பெற்ற பயிற்சி மெய்யான காருக்குக் கடக்கிறதா என்ற கேள்விக்கு வில்லியம் பைரன் விடையாக நிற்கிறார். ஐரேசிங்கில் ஓட்டத் தொடங்கி, பின்னரே பந்தயக் காரில் ஏறிய அந்த அமெரிக்கர், நாஸ்கார் பந்தயங்களில் மிகப் புகழ்பெற்ற டேடோனா 500-ஐ 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றார். பார்வையை எங்கே வைப்பது, பிரேக்கை எங்கே தொடங்குவது, சறுக்கலை எந்தக் கணத்தில் திருத்துவது என்பவை திரையிலிருந்து களத்துக்குக் கடந்துபோகின்றன. வெப்பமும் கழுத்தின் வலியும் உயிரச்சமும் களத்தில்தான் கிடைக்கும்.

ஆர்கேட் மரபும் தன் வழியில் கடுமையான பயிற்சியைக் கோரக்கூடியது என்பதற்குப் பிரான்சின் நடியோ நிறுவனம் 2003-ல் தொடங்கிய ‘டிராக்மேனியா’ சான்று. அதன் கார் தலைகீழ்ச் சுழல்களில் ஏறுகிறது, பள்ளங்களைப் பறந்து தாண்டுகிறது, மற்றக் கார்களோடு மோதாமல் ஊடுருவிப் போகிறது. மெய்யான எந்தக் காரோடும் அதற்கு உறவில்லை. ஆனால் ஒரே விசைகளை ஒரே கணங்களில் அழுத்தினால் எத்தனை முறை ஓடினாலும் ஒரே விளைவைத் தரும் வகையில் அதன் விதிகள் அமைக்கப்பட்டுள்ளன. அதிர்ஷ்டத்துக்கு அங்கே இடமில்லை. அதனால் உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்கள் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்காக ஒரே பாதையை ஆயிரக்கணக்கான முறை ஓடுகின்றனர். அவ்வாறு ஓடியவர்கள், தார்ச்சாலையில் மிகு வேகத்தில் காரைச் சற்றே சறுக்கவிட்டால், நேராக ஓட்டுவதைவிட அது விரைவாக முடுக்கம் பெறுகிறது என்று கண்டுபிடித்தனர். கோணம் மிகக் குறைந்தாலும் பயனில்லை, மிகக் கூடினாலும் வேகம் போய்விடும். நடுவில் குறுகிய ஓர் எல்லைக்குள்தான் அந்த ஆதாயம் கிடைக்கிறது. டெல்ஃப்டின் ஆய்வாளர்கள் ரப்பரில் தேடிய உச்சத்தை ஒத்த ஒன்றை, ரப்பரே இல்லாத ஓர் உலகில், பதிவான ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கோணத்தையும் வேகத்தையும் ஒப்பிட்டு, அந்த ஆட்டக்காரர்கள் இன்றும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.